பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, தாயை யார் பார்ப்பது?

"பெண்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை." ஆய்வுக் கூட்டங்களில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டே என் சர்வீஸ் முடிந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை மாதாமாதம் வருகிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், அயர்ன் மாத்திரை வாங்குகிறார்கள். பிள்ளை பிறந்தபின் ஒருத்தியும் தன் உடம்பைக் காட்ட வருவதில்லை. ஆகவே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பார்கள். உடனே ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நோட்டீஸை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கைதான். அதில் என்ன அச்சடித்திருந்தது என்பது மறந்துவிட்டது. வாங்கிப் பார்த்த பெண்கள் கேட்ட கேள்வி மறக்கவில்லை: "வந்தா என்ன சிஸ்டர் பாப்பீங்க?"

நியாயமான கேள்வி. கர்ப்பிணியாக வந்தால் எடை பார்ப்போம், பிபி பார்ப்போம், ரத்தம் எடுப்போம், வயிற்றைத் தொட்டுப் பார்த்து பிள்ளையின் துடிப்பைக் கேட்போம். பிள்ளை பெற்றபின் வந்தால்? "பால் குடிக்குதா? தொப்புள் காஞ்சிருச்சா? வெயிட் போடு, பார்ப்போம்." எல்லாம் பிள்ளைக்கு. பெற்றவள் பிள்ளையைத் தூக்கி வந்த ஆள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்திருக்கின்றன. இந்தியா முழுமைக்கும் அது 88.6. ஆனால் பிரசவமாகி இரண்டு நாட்களுக்குள் தாயை ஒரு மருத்துவரோ செவிலியரோ பார்த்தார்களா என்று கேட்டால் நாட்டின் கணக்கு 78 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே படுத்திருக்கும் பெண்ணையும் சேர்த்துத்தான் இந்த இறக்கம். அந்த இரண்டு நாளும் தாண்டி அவள் வீட்டுக்குப் போனபின் நடப்பதை இந்த எண்கள் சொல்லவே இல்லை. தாய் இறப்புகளில் பாதிக்கு மேல் பிரசவம் முடிந்த பிறகு நடப்பவை என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை.

நான் வேலைக்குச் சேர்ந்த 1990களின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வீட்டுப் பிரசவம் சாதாரணம். ஊருக்கு ஒரு மருத்துவச்சி இருப்பாள். அவளோடு எனக்குச் சண்டை ஓயாது. பழைய பிளேடு, கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் உள்ளே விடுவது, தொப்புளில் சாம்பல் வைப்பது என்று சண்டை போடக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. அவள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் போய்விட மாட்டாள். தினம் வருவாள். பிள்ளைக்குத் தண்ணி ஊற்றுவாள், பெற்றவளுக்கும் ஊற்றுவாள். வயிற்றைத் தடவிப் பார்ப்பாள், துணி எத்தனை நனைந்தது என்று கேட்பாள், மார் கட்டியிருந்தால் ஒத்தடம் கொடுப்பாள். பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கும்வரை அந்த வீட்டுக்கு அவள் ஒரு ஆள். கூலியாகப் படி நெல்லும் ஒரு சேலையும்.

அரசாங்கம் பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நல்லது, அதனால்தான் இன்று இங்கே இத்தனை தாய்மார்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் மருத்துவச்சி பார்த்த மற்றப் பாதி வேலை, அந்தப் பதினாறு நாள் வேலை, யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ஏட்டில் அது எங்களுடையது. நடைமுறையில் யாருடையதும் இல்லை. கிராமப்புறப் பெண்கள் பேறுகாலத்துக்குப் பிந்தைய கவனிப்பைப் "பயன்படுத்துவதில்லை" என்று எழுதுகிறவர்கள், அப்படி ஒன்று எங்கே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் காட்டட்டும்.

அந்த நாட்களில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பிரசவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறி உச்சத்துக்குப் போகும். கர்ப்பத்தில் பிபி சரியாகவே இருந்த பெண்ணுக்கும் ஏறலாம். சுகப்பிரசவம் ஆனவளை 48 மணி நேரம் கழித்து அனுப்பலாம் என்பது விதி. அந்த 48 மணி நேரமே பல பேர் இருப்பதில்லை. மூத்த பிள்ளை பக்கத்து வீட்டில் கிடக்கும், துணைக்கு வந்த அம்மா ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பாள். ஆக, பிபி ஏறும் அந்த நாளில் அவள் சரியாக வீட்டில், கதவடைத்த அறைக்குள், பிபி மெஷின் இல்லாத இடத்தில் இருக்கிறாள்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தலைப்பிரசவம். கட்டிக்கொடுத்தது வேறு தாலுகா, தாய்வீடு என் ஏரியா. அந்த ஊர் செவிலியர் எனக்கு போன் போட்டு, "உங்க ஊருக்கு வந்திருக்கா, பிள்ளை வெயிட் கம்மி, பாத்துக்கங்க" என்றாள். பிள்ளையை நிறுத்துப் பார்க்கத்தான் போனேன். பிள்ளை நன்றாக இருந்தது. பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு இறுக்கிக் கட்டு, நெற்றியில் சுக்குப் பத்து. "ரெண்டு நாளா தலவலி நர்சம்மா, பச்ச ஒடம்புல காத்து ஏறிருச்சு, ஜன்னி வந்துருமோன்னு பயமா இருக்கு" என்றார் அவள் அம்மா. ஜன்னலைத் திறந்தேன், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிபி பெல்ட்டைக் கட்டிப் பார்த்தால் 170க்கு 110. 108 வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். இப்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

அந்த அம்மாவைப் படிப்பறிவில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்ற பெண் தலைவலி என்று படுத்து, வெட்டு (வலிப்பு) வந்து செத்துப்போனதை அவர் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. பயந்தது சரியான ஒன்றுக்குத்தான். கையில் இருந்த வைத்தியம்தான் பத்தும் பஞ்சும். அவர் என்னைக் கூப்பிடாததற்கும் காரணம் உண்டு. பிள்ளைக்கு ஒன்று என்றால் நர்சம்மா வரும், பெரியவளின் தலைவலிக்கு நர்சம்மாவைக் கூப்பிடுவார்களா? எங்கள் நடத்தையிலிருந்து ஊர் கற்றுக்கொண்ட பாடம் அது. தண்ணீர் விஷயம் மட்டும் வேறு. பெற்றவள் தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் உண்டு. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். மூளையின் ரத்தக்குழாயில் உறைந்தால் அதுவும் தலைவலியாகத்தான் தொடங்கும். பூண்டுக் குழம்பு வைக்கட்டும், கருவாடு வைக்கட்டும், செலவு மருந்து உருட்டிக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இந்தத் தண்ணீர் பத்தியத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பெண் பிழைத்தது ஒரு போன் காலால். இதுதான் எனக்கு உறுத்துவது. எங்கள் முறை முழுக்க முகவரியை வைத்து நடக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் பதிந்து பிக்மி என்ற பதிவு எண் வாங்குவது புருஷன் வீட்டு ஊரில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். பிரசவம் அங்கே பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில். மூன்று மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பி வருவாள். பதிந்த செவிலியரின் ரிஜிஸ்டரில் அவள் பெயர் இருக்கும், ஊரில் ஆள் இருக்க மாட்டாள். தாய்வீட்டு ஊரின் செவிலியருக்கு ஆள் இருப்பாள், ரிஜிஸ்டரில் பெயர் இருக்காது. கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும் என்பார்கள். தெரியும்தான், சிக்னல் கிடைத்து, பார்க்க நேரம் கிடைத்தால். நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நேற்று வந்த பழக்கமா? திட்டம் தீட்டியவர்களின் வீட்டுப் பெண்களும் அப்படித்தானே போனார்கள்?

வேலைப் பளுவைக் காரணம் காட்டப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் ஜனம். ஆயிரத்துக்குப் பதினாலு என்று வைத்தால் வருஷத்துக்கு எழுபது பிறப்பு. 2011-இல் வந்த வீட்டுப் பராமரிப்புத் திட்டப்படி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு எட்டு வீடு. மற்ற மாநிலங்களில் இதை ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பார்க்கிறார்கள்; இங்கே ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான், சமவெளியில் எங்கள் தலையில். எட்டு வீடு முடியாத வேலையில்லை. முடியாமல் போவது, அந்த எட்டில் ஐந்து பேர் ஊரில் இல்லாததாலும், இருக்கிற வீட்டுக்குப் போக எடுத்துவைத்த நாளில் அவசரக் கூட்டம் போடுவதாலும்தான். அப்புறம் போனில் கேட்டு எழுதுவது நடக்கும். "நல்லா இருக்கியாத்தா?" "இருக்கேன் சிஸ்டர்." மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வாள்?

எங்கள் பக்கம் இன்னொரு கஷ்டமும் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது சிரமம். தண்ணீர் வண்டி. இரும்புச் சட்டத்தில் நாலு, ஆறு பிளாஸ்டிக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குழாயில் வராத நாளில் இந்த வண்டிதான். முதல் பிரசவத்தில் தாய்வீடு தாங்கிக்கொள்ளும். மூன்றாவது பிள்ளைக்குத் தாய்வீடு கிடையாது. பதினாறு நாளுக்குத் தீட்டு என்று உட்கார வைப்பார்கள், முப்பதாவது நாளில் அவள் வண்டி தள்ளிக்கொண்டிருப்பாள். தீட்டு என்று ஒதுக்கி வைப்பதைத் திட்டி நானே பேசியிருக்கிறேன். ஆனால் அந்த ஓய்வும் இல்லாத பெண்களைப் பார்த்தபின் குரல் கொஞ்சம் தணிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதே கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் வயிற்றைக் கீறித்தான். ஏறக்குறைய சரிபாதிப் பெண்கள் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். ஒரு பெரிய ஆபரேஷன் ஆன ஆம்பளை முப்பதாவது நாளில் ஆறு குடம் தண்ணீர் தள்ளுவானா? அடி இறங்கி, இருமினால் சிறுநீர் கசிந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருபது வருஷம் கடத்திய பெண்கள் என்னிடம் வேறு ஏதோ மாத்திரைக்கு வந்து, போகும்போது வாசலில் நின்று சொன்னதுண்டு.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி இரண்டு கிராமங்களின் 650 பெண்களைச் சோதித்து 1989-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காக ஒரு முறையாவது சோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம். அதே தம்பதி பின்னர் 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த பிள்ளையை வீட்டிலேயே போய்ப் பார்க்க வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிடப் பச்சிளம் பிள்ளைகளின் சாவு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் அதே இதழில் எழுதினார்கள். நான் மேலே சொன்ன ஆறு முறை வீட்டுப் பார்வை அங்கிருந்து வந்ததுதான். அரசாங்கம் இரண்டாவது ஆய்வைத் திட்டமாக்கியது. முதல் ஆய்வு சொன்ன பெண்கள் அப்படியே நிற்கிறார்கள்.

மனசும் அப்படித்தான். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் செய்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம் என்றது. காரணங்களில் ஏழ்மை, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாமை, கூடமாட உதவிக்கு ஆள் இல்லாமை, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது. இதில் எதற்கு மாத்திரை இருக்கிறது? இருந்தாலும் கேட்கலாம். பெரிய படிப்பு வேண்டாம். "ராத்திரி பிள்ளை தூங்குற நேரத்துலயாவது ஒனக்குத் தூக்கம் வருதா?" இந்த ஒரு கேள்விக்கு அழுத பெண்கள் உண்டு. மூன்றாவதும் பெண் என்று பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பால் கொடுத்தவள் ஒருத்தி, இந்தக் கேள்விக்குத்தான் முதல்முதலாக வாய் திறந்தாள். அவளை டாக்டரிடம் அனுப்ப வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. பிள்ளைக்குப் பால் ஊற வேண்டும் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். பொய் என்றால் பொய்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது பெரிய கம்ப சூத்திரம் இல்லை. பெற்றவளை 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வையுங்கள். பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை பாருங்கள். இதில் மூன்றாவதற்கு நாம் ஒரு பைசா செலவழிக்கத் தேவையில்லை. ஆறாவது வாரத்தில் அவளே நம் முன்னால் வந்து நிற்கிறாள். 45 நாள் ஊசி! புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராத தாய் எங்கள் பக்கம் அபூர்வம். மேற்கொண்டு பஸ் செலவு இல்லை, மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டாம், விழிப்புணர்வு நோட்டீஸ் வேண்டாம். பிள்ளையின் தொடையில் ஊசி, வாயில் சொட்டு, அட்டையில் தேதி. "காய்ச்சல் வந்தா மருந்து குடு. அடுத்தவங்க வாங்க." தாயை உட்கார வைத்து ஒரு பெல்ட் கட்ட, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க, தையலைப் பார்க்க, இரண்டு கேள்வி கேட்க ஐந்து நிமிஷம் ஆகுமா? ஒரு நாற்காலியும் ஒரு திரையும் வேண்டும். திரை முக்கியம். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் முன்னால் எந்தப் பெண்ணும் கசிவைப் பற்றிப் பேச மாட்டாள்.

காசு எங்கே போகிறது என்று பார்த்தாலும் இதேதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இலிருந்து 18,000 ரூபாய். நல்ல திட்டம், அந்தப் பணத்தில் கடன் அடைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பிறந்தபின் வரும் கடைசித் தவணைகள் பிள்ளையின் தடுப்பூசியோடு முடிச்சுப் போடப்பட்டவை. தாயின் ஆறாவது வாரச் சோதனையோடு எந்தத் தவணைக்கும் முடிச்சு இல்லை. தாயைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராய் அலையும் பெண்ணைத் தண்டிப்பதில் அர்த்தம் இல்லை. தாயைப் பார்த்து எழுதினால்தான் அந்த நிலையத்தின் கணக்கு முடியும் என்று வைக்கட்டும். முடிச்சை எங்கள் பக்கம் போடட்டும்.

முதல் வாரப் பார்வைக்கும் ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிபியும் சர்க்கரையும் உள்ள பெரியவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் பையில் பிபி மெஷின் இருக்கிறது. ஒரே தெரு. தாத்தாவுக்குத் திண்ணையில் பிபி பார்த்துவிட்டு இறங்கிப் போகிறாள். உள்ளறையில் பிள்ளை பெற்று ஐந்தாம் நாளான பேத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளைப் பார்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அந்தத் தன்னார்வலருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணமும் கொடுத்தால், யார் மருமகள், எந்த ஊர்ப் பதிவு என்று பார்க்காமல் அந்தத் தெருவில் அன்று படுத்திருக்கும் எல்லாத் தாய்க்கும் மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் பெல்ட் கட்டலாம். கூடுதல் பணம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சேவை மனப்பான்மை என்று சொல்லிப் பெண்களிடம் இனாம் வேலை வாங்கியது போதும்.

உத்தரவு வரும்வரை வீட்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், முதல் வாரத்தில் இரண்டு முறையாவது அவளுக்கு பிபி பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தெருவில் யாராவது ஒரு வீட்டில் மெஷின் இருக்கும். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மூச்சிரைப்பு, ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனையும் போக்கு, குளிர் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், "எனக்கு இந்தப் பிள்ளையும் வேண்டாம், உசிரும் வேண்டாம்" என்ற பேச்சு: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள். அடுத்த புதன்கிழமை பிள்ளைக்கு ஊசி போட்டு முடித்தவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். "என்னையும் பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கேட்டால் மறுக்க எங்களிடம் காரணம் எதுவும் இல்லை.